மகளுக்கு வந்த ஆறு சிலிண்டர் சம்பந்தம்

2009ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, உன்ரை மோளுக்கு ஒரு சம்பந்தம் சரிவந்திருக்கு."

அந்த வருஷம் தொலைபேசி அடித்தாலே எனக்குப் பயம். நல்ல செய்தி என்று ஒன்று அதற்குள்ளால் வந்து கனகாலம். அடுப்பை நூர்த்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

"எந்த இடம், அண்ணை?"

"பிறந்தது ஒல்லாந்திலை. இஞ்சை வந்து கன வருஷம்."

"என்ன வேலை?"

"பேக்கரிக்குப் பாண் ஏத்தினது. ஏழரைத் தொன் லொறியை இழுத்த உடம்பு. ஆறு சிலிண்டர், டீசல். குடி கொஞ்சம் கூடத்தான், ஆனா டீசலைத் தவிர வேறை ஒண்டும் தொடாது."

அவருக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரிப்பது கேட்டது. பிறகு அடக்கமுடியாமல் வாயாலும் சிரிப்பு வந்தது. அது என் மகள். அந்தச் சிரிப்பைக் கேட்டிராவிட்டால் அண்ணையை நன்றாக ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பேன். மே மாதத்திற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

நான் மனோர் பார்க்கில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டதாரி. இங்கே இருமல் பாணிக்கும் பற்பசைக்கும் பட்டதாரி. எனக்குப் பின்னால், ஒரு படி உயரத்தில், கண்ணாடிக்குள் மருந்தாளர் நிற்பார். என்னோடு குரலை உயர்த்திச் சண்டை பிடிக்கிறவர்கள் அவர் தலையை நிமிர்த்தியதும் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த ஒரு படியில் என் மகளை ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் என் லண்டன் வாழ்க்கையின் முழுத் திட்டமும். அவளும் பாதி ஏறியிருந்தாள். மருந்தாளர் படிப்பில் இரண்டாம் வருஷம்.

அந்த வசந்தத்தில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் பிள்ளைகள் நாட்கணக்காகப் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் நின்றார்கள். மகளும் நின்றாள். பரீட்சை நாட்களிலும் அங்கேதான் நின்றாள். மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே போன சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்தார் நல்ல மனதோடு, ஜனவரியில் வந்து தொடரலாம் என்றார்கள். அதற்கு அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓகஸ்டில் ஒருநாள் மாமாவின் கராஜுக்குப் போய்வருகிறேன் என்று போனாள். அடுத்த நாளும் போனாள். அதற்குப் பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

அண்ணை ஜேர்மனியில் லொறி திருத்திப் பழகிவிட்டு லண்டனுக்கு வந்தவர். வால்தம்ஸ்டோவில் ரயில் பாதையின் வளைவு ஒன்றுக்குக் கீழே அவருடைய கராஜ். அதன் மூலையில் படங்கு மூடி ஒரு மஞ்சள் நிற அமெரிக்கக் கார் கிடந்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, இடப்பக்க ஸ்டியரிங். சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும் சாதி. பழைய காரும் இல்லை. முந்திய சொந்தக்காரர் எண்ணெய் பார்க்காமல் ஓடி எஞ்சினை இறுக வைத்துவிட்டார். அதே மாதிரி இன்னொரு பெற்றோல் எஞ்சினை எடுத்துப் போடுவதுதான் புத்தியுள்ளவர் செய்கிற காரியம். அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்கம் நசுங்கிய பாண் லொறி ஒன்று கராஜுக்கு வந்தது. அதன் எஞ்சினுக்கு ஒரு கீறலும் இல்லை. அதைக் காருக்குள் இறக்கினால் என்ன என்று முதலில் கேட்டது அண்ணையா மகளா என்பதில் இன்றுவரை தகராறு. இரண்டு பேரும் தான்தான் என்கிறார்கள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நான் விஷயத்துக்கு வந்தேன்.

"அப்ப ஜனவரி?"

மகள் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அங்கை திரும்பிப் போக ஏலாதம்மா."

"உதுக்குள்ளை மட்டும் போக ஏலுமோ? லொறி எஞ்சின் காருக்குள்ளை போகுமோ?"

"போகும்."

"ஓடுமோ?"

"ஓடும்."

"எவ்வளவு தூரம்?"

"நீங்கள் சொல்லுங்கோ."

இங்கேதான் எனக்கு என் கெட்டித்தனத்தில் ஒரு மயக்கம் வந்தது. "கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல், மாமாவின்ரை கராஜிலையிருந்து முருகன் கோயில் வாசல் வரைக்கும். தன்ரை எஞ்சினிலை வரவேணும். கட்டி இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. பேப்பர் எல்லாம் சட்டப்படி இருக்கவேணும். வந்து சேந்தால் நான் இனி மருந்துப் படிப்பெண்ட கதையே எடுக்கமாட்டன். வராட்டில் ஜனவரியிலை நீ போறாய்."

"டீல்," என்றாள் மகள், நான் வாயை மூட முதல்.

என் கணவர் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். "இஞ்சேரும், நீர் எந்தப் பக்கம் நிக்கிறீர்?"

நான் பக்கம் தெரியாமல் நிற்கவில்லை. விஞ்ஞானம் படித்தவள். அந்த எஞ்சின் மட்டும் ஆறேழு ஆட்களின் பாரம். அதை அந்த மூக்குக்குள் இறக்கினால் கார் பின்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மிச்சத்தைக் கடவுளிடம் விடலாம் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன்.

அந்தக் கார் ஓடக்கூடாது என்று நேர்ந்தேன். ஓடாவிட்டால் நூற்றெட்டுத் தேங்காய். வெளியே வந்து செருப்பைப் போடும்போது ஒரு பயம் பிடித்தது. ஓடாது என்றால், வழியில் ஓடாமல் நின்றுவிட்டால்? சுற்றுவட்டத்தின் நடுவில், பின்னால் பஸ் வர, என் பிள்ளை உள்ளே இருக்க? திரும்ப உள்ளே போனேன். முருகா, வீதிக்கே வரவேண்டாம், கராஜுக்குள்ளேயே நிற்கட்டும் என்று திருத்தினேன். செருப்பு விட்ட இடத்துக்கு வந்தால் அடுத்த பயம். கராஜுக்குள் எப்படி நிற்கும்? தீப்பிடித்தா? மூன்றாம் தரம் நான் உள்ளே போகும்போது ஐயர் திரைச்சீலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, ஏதும் விட்டிட்டுப் போட்டீங்களோ?"

"இல்லை ஐயா. பிள்ளையின்ரை படிப்பு விஷயம்."

"உங்கடை மகளும் நேற்று வந்தவ. அர்ச்சனை செய்தவ."

எனக்கு மனம் குளிர்ந்துபோனது. "தன்ரை பேரிலையோ?"

"இல்லை, ஒரு எஞ்சின்ரை பேரிலை. நட்சத்திரம் கேட்டன். எஞ்சின்ரை தகட்டிலை அடிச்சிருந்த திகதியைப் போனிலை படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினா. பஞ்சாங்கத்தைப் பிரிச்சுப் பாத்தன். சதயம்."

"நீங்களும் செய்து குடுத்தனீங்களோ, ஐயா?"

"பிறந்த திகதி தெரிஞ்சால் நட்சத்திரம் இருக்குத்தானே அம்மா," என்றார் அவர். "நல்ல நட்சத்திரம்தான். கொஞ்சம் பிடிவாதம்."

ஆக, ஒரே சந்நிதியில் தாய் ஓடக்கூடாது என்றும் மகள் ஓடவேண்டும் என்றும் விண்ணப்பம் போட்டிருந்தோம். அவளுடையது பெயர், நட்சத்திரத்தோடு முறைப்படி போயிருந்தது. என்னுடையதில் இரண்டு திருத்தம்.

என் ஓய்வு நாட்களில் கராஜுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினேன். சாப்பாடு ஒரு சாட்டு. எவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். முதலில் எல்லாம் நன்றாகவே கெட்டுப்போனது. எஞ்சின் உயரம் கூட. கீழே அதன் எண்ணெய்த் தொட்டி காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. மேலே பொனற் மூடி பொருந்தவில்லை. நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு புட்டுப் பெட்டியைத் திறந்தேன். அடுத்த தரம் போனபோது எண்ணெய்த் தொட்டியை வெட்டி வேறு உருவத்தில் ஒட்டியிருந்தார்கள். பொனற்றில் பெரிய ஓட்டை. அதற்குள்ளால் எஞ்சினின் தலை, மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறவரைப் போலத் துருத்திக்கொண்டு நின்றது. நான் கணக்குப் போட்டபடியே மூக்குக் குனிந்தது; தடித்த சுருள்வில் போட்டு நிமிர்த்தினார்கள். லொறியின் கியர்பொக்ஸும் கூடவே வந்து சேர்ந்தது. அதற்கும் பின்சில்லுகளுக்கும் நடுவே புதுத் தண்டு ஒன்று செய்வித்தார்கள்.

லொறியின் ஸ்ராட்டருக்கு இருபத்துநாலு வோல்ற் வேண்டும். காரில் பன்னிரண்டுதான். அண்ணை இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். மகள் டிக்கிக்குள் இரண்டு பற்றறிகளைத் தனியாக வைத்து, அவை எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் என்று ஒதுக்கினாள்.

"இது என்ரை ஐடியா," என்றார் அண்ணை என்னிடம்.

"மாமா, நீங்கள் ‘விசர் வேலை’ எண்டுதான் சொன்னனீங்கள்," என்றது காருக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

"அந்த ஐடியாவுக்கு முதல் கட்டம் அதுதான்."

காரின் கணினிக்கு மட்டும் நடந்தது பிடிக்கவில்லை. தன் பழைய எஞ்சினைக் காணாமல் தேடி, கண்ணில் பட்ட எச்சரிக்கை விளக்கையெல்லாம் எரியவிட்டது. பிறேக் விளக்கு மட்டும் அமைதியாக இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒருநாள் மதியம் அவள் காருக்குக் கீழேயிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "பசிக்குது அம்மா," என்றாள். முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். நான் கத்தரிக்காய்க் குழம்பில் சோற்றைக் குழைத்துத் தீத்தினேன். கையில் பிடித்திருந்த ஸ்பானரை விடாமலே வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். பெட்டி காலியானது. கோடை முழுவதும் நான் அறை வாசலில் தட்டோடு நின்ற பிள்ளை இது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்தபடி, நேர்த்தியை இன்னொரு தரம் திருத்தலாமா என்று யோசித்தேன். பிறகு மருந்துக்கடையின் அந்தப் படி ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

நவம்பரில் எஞ்சின் எழும்பியது. வளைவு முழுவதும் புகை. பக்கத்து வளைவு ரயர்க்காரர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து, பொனற்றுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அந்தத் தலையைக் கண்டு, சொல்ல வந்ததை மறந்து நின்றார். எம்.ஓ.டி. என்கிற வருடாந்த வாகனச் சோதனைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சோதித்தார்கள். பாஸ். எப்படி என்று கேட்காதே என்றார் அண்ணை. நான் கேட்டேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம்.

மிச்சம் இருந்தது இன்சூரன்ஸ். மகளின் வயதைக் கேட்டதும் இன்சூரன்ஸ்காரர் மறுமுனையில் சிரித்தாராம். கராஜின் இன்சூரன்ஸில் வயதில் மூத்த ஒருவர் ஓட்டலாம். அண்ணை ஓட்டுவதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்காரர் அவரைக் கூப்பிட்டு, கனகாலமாகக் காத்திருந்த கண் சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டார்கள். ஒரு கண்ணில் கட்டோடு வந்து நின்றார். என் கணவரின் லைசென்ஸ் ஓட்டோமற்றிக் காருக்கு மட்டும். விளக்கீட்டுக்கு முந்திய சனிக்கிழமை. எல்லோரும் கராஜில் நின்றோம்.

"தங்கச்சி," என்றார் அண்ணை, ஒற்றைக் கண்ணால் வளைவின் கூரையைப் பார்த்தபடி. "நீ லைசென்ஸ் எடுத்தது கியர் காரிலை தானே?"

"ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அண்ணை சும்மா கேட்ட எதுவும் சும்மா முடிந்ததில்லை.

"அம்மா வேண்டாம்," என்றாள் மகள் உடனே. "அம்மா வேணுமெண்டு நிப்பாட்டிப்போடுவா."

"நான் அப்பிடிச் செய்வனோடி?"

"செய்வீங்கள்."

அவளுடைய அப்பா எனக்காக ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மிகக் கவனமாக ஒரு ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்த் திறப்பைத் தா," என்றேன்.

இடப்பக்கம் ஏறி இருந்தேன். வலது கையில் கியர். மகள் வலப்பக்கம், நான் எப்போதும் இருந்து ஓட்டுகிற இடத்தில். ஸ்ராட் பண்ணியதும் ஆசனம், கண்ணாடி, என் பல் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின.

"அம்மா, ஒரு விஷயம். எஞ்சினை நிண்டுபோக விட்டிடாதேங்கோ. நேற்று முழுக்கச் சோதிச்சதிலை அந்த ரெண்டு பற்றறியும் இறங்கிப்போச்சு, மிச்சம் இருந்ததும் இப்ப எழுப்பினதோடை சரி. இப்ப நிண்டா, இண்டைக்கு இனி எழும்பாது."

அதாவது, அவளுடைய ஜனவரி, கிளச் மிதிக்கிற என் இடது காலில் இருந்தது. அதை அவளே என்னிடம் சொல்லியும்விட்டாள்.

"முதலாம் கியர் வேண்டாம், அது மலை ஏறுறதுக்கு. ரெண்டிலை எடுங்கோ. அக்சிலேற்றர் மிதிக்காதேங்கோ. அது தானாப் போகும்."

தானாகத்தான் போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். லீ பிரிட்ஜ் வீதியில் ஆட்கள் முதலில் சத்தத்தைக் கேட்டு லொறியைத் தேடினார்கள், பிறகு மஞ்சள் காரைப் பார்த்தார்கள், பிறகு அதற்குள் காதை மூடித் தொப்பி போட்ட என்னைப் பார்த்தார்கள். பின்னால் என் கணவரும் அண்ணையும் எங்கள் காரில் வந்தார்கள். விப்ஸ் குரோஸ் சுற்றுவட்டத்தில் நான் கண்ணை மூடவில்லை என்று மகளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். லெய்ற்றன்ஸ்ரோன் தாண்டி, வான்ஸ்ரெட் பிளற்ஸ் புல்வெளிக்கு நடுவால் வரும்போது, மூன்றாம் கியரில் அது ஒரு பெரிய பூனையைப் போல உறுமிக்கொண்டு ஓடியது. மகள் எஞ்சினுக்குக் காது கொடுத்தபடி, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொம்ஃபர்ட் வீதியில் சிவப்பு விளக்கு. இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை அமத்திப் பிடித்தேன். லொறியின் கிளச் அது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற கால் இது. பக்கத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. உள்ளே ஒரு இளைஞன், எங்களைப் பார்த்துச் சிரித்து, தன் எஞ்சினை உறும விட்டான். எனக்கு அவனைப் பார்க்க நேரமில்லை. காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும், கதை முடிந்தது என்பதுதான் என் தலைக்குள் இருந்தது. ஒரு தாய்க்குக் கால் வழுக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஜனவரியில் அவள் வெள்ளைக் கோட்டோடு போவாள். தட்டு போனபடியே திரும்பி வரும்.

விளக்குப் பச்சையாக முதல் என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பிடிக்கப் பார்த்தேன். பச்சை விழுந்த அதே நொடியில் கால் கிளச்சிலிருந்து கழன்றுபோனது.

"ஐயோ முருகா, வேண்டாம்! நிப்பாட்டிப்போடாதை!" என்று கத்தினேன்.

நிற்கவில்லை. நான் ஓட்டிப் பழகிய எந்தக் காரும் அந்த இடத்தில் ஒரு தரம் துள்ளிச் செத்திருக்கும். ஏழரைத் தொன் இழுத்துப் பழகிய எஞ்சினுக்கு நான் செய்தது ஒரு பொருட்டாகவே படவில்லை. கார் தலையைத் தூக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, கறுப்புக் காரைப் புகைக்குள் விட்டுவிட்டுச் சந்தியைத் தாண்டி ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன். இளைஞனைக் காணவில்லை. புகை மட்டும்தான்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இப்ப என்ன சொல்லிக் கத்தினனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"‘நிப்பாட்டிப்போடாதை’ எண்டு சொன்னனீங்கள்."

"கால் நோகுது. பேசாமல் இரு."

சேர்ச் வீதிக்குள் திரும்பினேன். கோயில் வாசலில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். சத்தத்தைக் கேட்டு ஐயரே வெளியே வந்து கையை உயர்த்தினார்; ஆசீர்வாதமா, நிற்கச் சொன்னாரா தெரியாது. "வந்திட்டம்! அம்மா, வந்திட்டம்! நிப்பாட்டுங்கோ!" என்று மகள் ஆசனத்தில் துள்ளினாள்.

நான் நிறுத்தவில்லை. வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் திருப்பினேன்.

"எங்கையம்மா போறியள்?"

"கோயிலுக்கு வந்தால் மூண்டுதரம் சுத்தவேணும். தெரியாதோ?"

சுற்றினோம். பின்தெருவில் ஒரு வயதான ஆள் எங்கள் சத்தம் கேட்டு, குப்பை லொறி வந்துவிட்டது என்று அவசரமாகத் தன் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் சுற்றில் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்று, எடுக்காமல் போகிறீர்களே என்பதுபோல எங்களைப் பார்த்தார். என் கணவர் பின்னால் ஹோர்ன் அடித்தார். அண்ணை ஜன்னலால் தலையை நீட்டி ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த ஓட்டம் என்னை இன்னும் முழுதாக விடவில்லை. இப்போதும் ஒரு லொறி பக்கத்தில் வந்து நின்றால் என் இடது கால் தானாக எதையோ அமத்திப் பிடிக்கிறது.

மூன்றாம் சுற்று திரும்பும்போது மகள் மெதுவாகக் கேட்டாள். அந்தச் சத்தத்திலும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

"அப்ப ஜனவரி?"

"ஜனவரியிலை கராஜுக்குள்ளை நல்லாக் குளிரும்," என்றேன். "காலுக்குத் தடிச்ச சப்பாத்து ஒண்டு வாங்கவேணும். இப்ப உன்ரை பக்கத்தாலை பஸ் வருதோ எண்டு பாத்துச் சொல்லு."